மனதுருக்கமும் இரக்கஞ்செய்தலும்: நல்ல சமாரியர் உவமையைத் தமிழில் வாசித்தல்

முன்னுரை

துன்புறுவோர்பால் இரங்குதல் வேண்டும் என்பது சமயங்கள் பலவற்றிற்கும் பொதுவான அறமாகும். அதனாற்போலும், கிறித்தவம் கூறும் இரக்கத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் திருக்குறளின் அருளுடைமையோடும் வள்ளலாரின் சீவகாருணியத்தோடும் அதனை ஒப்புநோக்கி, மூன்றும் ஒன்றே என நிறுவி அமைந்துவிடுகின்றன. இத்தகைய ஒப்பீடு நல்லெண்ணத்தின்பாற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும், எல்லாம் ஒன்றே என்று கூறி முடித்தபின் வாசிப்பதற்கென்று எதுவும் எஞ்சுவதில்லை. ஒரு நூல் இரக்கம் என்று எதனைச் சொல்கிறது, யார் யார்மீது இரங்குவதாகச் சொல்கிறது, அச்செயலுக்கு எந்தச் சொல்லைத் தேர்ந்துகொள்கிறது என்னும் வினாக்கள் கேட்கப்படாமலே போய்விடுகின்றன.

இக்கட்டுரை லூக்கா நற்செய்தியின் பத்தாம் இயலில் இடம்பெறும் நல்ல சமாரியர் உவமையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் தமிழ் வடிவங்களை ஊன்றி நோக்க முற்படுகிறது. நான்கு நற்செய்தி நூல்களுள் லூக்கா ஒன்றில் மட்டுமே இவ்வுவமை காணப்படுகிறது. அளவிற் சிறிய இக்கதை, நன்னெறிப் பாடங்களில் மிகுதியாக எடுத்தாளப்படுவது. எடுத்தாளப்படுவதனாலேயே கூர்மை மழுங்கிப்போனதும் ஆகும். ‘பிறர்க்கு உதவுக’ என்னும் ஒற்றைவரி அறிவுரையாக நாம் அதனைச் சுருக்கிவிட்டோம். அவ்வறிவுரையை வழங்குவதற்கு ஒரு சமாரியனை மேடையேற்ற வேண்டிய தேவையே இல்லை. இரக்கமுள்ள எந்த வழிப்போக்கனும் போதும்.

உவமையின் களம்

திருச்சட்டம் கற்ற அறிஞர் ஒருவர் இயேசுவிடம் நிலைவாழ்வு பெறும் வழி யாது என வினவுகிறார். இறைவனை முழு உள்ளத்தோடு நேசிப்பதும் அடுத்திருப்பவரைத் தன்னைப்போல் நேசிப்பதும் என்னும் விடையை அவரே கூறுகிறார். முன்னது இணைச்சட்டத்தின் ஆறாம் இயலிலும் பின்னது லேவியர் நூலின் பத்தொன்பதாம் இயலிலும் உள்ளவை. இதன்மேல் அவர் எழுப்பும் இரண்டாம் வினாதான் உவமையைப் பிறப்பிக்கிறது: தமக்கு அடுத்திருப்பவர் யார் என்பதே அது. இதனை நாம் ஓர் எல்லைக்கோட்டு வினா எனலாம். அன்பு செய்ய வேண்டியோரின் வட்டம் எவ்விடத்தில் முடிகிறது எனத் தெரிந்துகொண்டால், அதற்கு அப்பால் உள்ளோரைக் குறித்துக் கவலையுற வேண்டியதில்லை. லேவியர் நூலின் அதே இயல், சில வரிகளுக்குப் பின் அந்நியரையும் தன்னைப்போல் நேசிக்கக் கட்டளையிடுகிறது என்பதைச் சட்டம் கற்ற அவர் அறியாதவராக இருந்திருக்க முடியாது.

எருசலேமிலிருந்து எரிகோவிற்குச் செல்லும் வழி ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வழி பாறைகள் செறிந்த வறண்ட மலைச்சரிவில் ஏறக்குறைய 1000 மீட்டர் கீழிறங்குகிறது. எரிகோ கடல்மட்டத்திற்கும் தாழ்ந்த நிலத்தில் அமைந்துள்ளது. கள்வர் பதுங்குவதற்கேற்ற இவ்வழியில் ஒருவன் அடிபட்டு, ஆடை உரியப்பட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறான். குரு ஒருவரும் லேவியர் ஒருவரும் கண்டு விலகிச் செல்கின்றனர்.

இவ்விருவரும் ஏன் விலகினர் என்பதற்குத் தமிழ் மறையுரைகளிலும் பாட விளக்கங்களிலும் ஒரு காரணம் தவறாமல் கூறப்படுவதைக் காணலாம். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்பதால் அவர்கள் அஞ்சினர் என்பதே அது. இவ்விளக்கம் உரைக்குப் பொருந்தி வருவதாகத் தோன்றவில்லை. முதலாவது, குருவானவர் அவ்வழியே ‘இறங்கி’ வந்தார் என்றே நூல் கூறுகிறது. அதாவது எருசலேமை விட்டு, ஆலயத்திற்கு முதுகுகாட்டிச் செல்கிறார். ஆலயப் பணிக்குத் தூய்மை கெடும் என்னும் அச்சம் ஏறிச் செல்பவர்க்கே பெரிதும் உரியது. இரண்டாவது, பிணத்தீட்டுப் பற்றிய லேவியர் நூல் தடை குருக்களுக்கு விதிக்கப்பட்டது. லேவியரின் செயலுக்கு அது விளக்கமாகாது. மூன்றாவது, கேட்பாரற்றுக் கிடக்கும் பிணத்தைக் கண்டால் தலைமைக்குருவே ஆயினும் அடக்கம் செய்யக் கடமைப்பட்டவர் என யூதரின் மிஷ்னா கூறுகிறது. கிறித்தவ மேடைகள் யூதச் சட்டத்தைக் கல்மனம் உடையதாகக் காட்டுவதற்கு இவ்வுவமையைப் பயன்படுத்துவதை யூத மரபினரும் புதிய ஏற்பாட்டு ஆய்வாளருமான ஏமி-ஜில் லெவின் வன்மையாகக் கண்டித்துள்ளார். 2014-இல் வெளிவந்த அவருடைய உவமை ஆய்வுநூல் இவ்வகையில் பயன்மிக்கது. உவமை, அவ்விருவர் விலகியதற்குக் காரணம் எதுவும் கூறவில்லை. கூறாமல் விட்டதை நாம் நிரப்பும்போது, பெரும்பாலும் நமக்கு வேண்டாத ஒரு மக்களின்மீது பழியை ஏற்றிவிடுகிறோம். இரக்கத்தைப் பற்றிய கதை ஒன்று இரக்கமின்மைக்குக் கருவியாவது இவ்வாறுதான்.

குரு, லேவியர் என்னும் வரிசையைக் கேட்ட அக்காலத்தார் மூன்றாவதாக வரப்போவது இஸ்ரயேல் பொதுமகன் ஒருவன் என்றே எதிர்பார்த்திருப்பர். வருபவனோ சமாரியன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூத ஆட்சியாளரான யோவான் ஹிர்க்கானுஸ் கெரிசிம் மலையிலிருந்த சமாரியர் ஆலயத்தை அழித்தார். கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமாரியர் எருசலேம் ஆலயத்தினுள் மனித எலும்புகளை வீசித் தீட்டுப்படுத்தியதாக வரலாற்றாசிரியர் யோசேப்பு குறிப்பிடுகிறார். பகை இருபுறத்தும் இருந்தது. லூக்காவிலேயே, இவ்வுவமைக்கு முந்திய இயலில், சமாரியர் ஊர் ஒன்று இயேசுவை ஏற்க மறுக்கிறது. சீடர் இருவர் வானத்திலிருந்து நெருப்பு இறங்கி அவ்வூரை அழிக்கட்டுமா எனக் கேட்டுக் கடிந்துகொள்ளப்படுகின்றனர். நெருப்பை விரும்பிய அச்சீடர்களின் காதிலும் விழுமாறு சொல்லப்பட்ட கதை இது என்பதை மறத்தலாகாது.

‘மனதுருகி’ என்னும் சொல்

சமாரியன் கிடந்தவனைக் கண்டதும் அவனுள் நிகழ்ந்ததைக் குறிக்கக் கிரேக்க மூலம் ‘ஸ்பிளாங்க்னிசோமாய்’ என்னும் வினையை ஆள்கிறது. ‘ஸ்பிளாங்க்னா’ என்பது குடல் முதலிய உள்ளுறுப்புகளைக் குறிக்கும் பெயர்ச்சொல். ஆகவே, இவ்வினை குடல் கலங்குவதைச் சுட்டுவது. நற்செய்தி நூல்களில் பன்னிரண்டு இடங்களில் இது வருகிறது. பன்னிரண்டிலும் இயேசுவையோ, அவர் கூறிய உவமைகளின் மாந்தரையோ மட்டுமே இச்சொல் சார்ந்து நிற்கிறது. லூக்காவில் மூன்று இடங்கள்: நயீன் ஊர்க் கைம்பெண் தன் ஒரே மகனை அடக்கம் செய்யச் செல்கையில் இயேசு இரங்கியது, சமாரியன் இரங்கியது, ஊதாரி மகன் தொலைவில் வரக்கண்ட தந்தை இரங்கியது. இதற்கு இணையாக எபிரேயத்தில் வழங்கும் ‘ரஹமீம்’ என்னும் சொல்லோ, கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ என்பதனோடு உறவுடையது.

தமிழில் இதனை எவ்வாறு பெயர்ப்பது? பெற்ற வயிறு, அடிவயிறு கலங்குதல், வயிறு பற்றி எரிதல் எனத் துயரத்தை வயிற்றில் வைத்துப் பேசும் வழக்கு நம்மிடம் வளமாகவே உள்ளது. ஆயின் ‘வயிற்றெரிச்சல்’ என்பது பொறாமைக்கும் உரியதாகிவிட்டமையால் விவிலியப் பெயர்ப்புக்கு அது உதவியிராது. ஹென்றி பவரின் தலைமையில் உருவாகி 1871-இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பு, மேற்கூறிய மூன்று லூக்கா இடங்களிலும் ‘மனதுருகி’ என்றே ஆள்கிறது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளியிட்ட திருவிவிலியமோ ‘பரிவு’ என்னும் சொல்லைத் தெரிந்துகொண்டது. இரண்டு பெயர்ப்புகளும் ஒரே கிரேக்கச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல்லை மூன்றிடத்தும் காத்திருப்பது பாராட்டிற்குரியது. கைம்பெண்ணுக்கு இரங்கிய இயேசுவையும் இழந்த மகனுக்கு இரங்கிய தந்தையையும் பகைவனுக்கு இரங்கிய சமாரியனையும் ஒரே சொல் இணைத்துக் காட்டுவதைத் தமிழ் வாசகரும் உணர முடிகிறது.

இவ்விரண்டினுள் எது சிறந்தது என்பதில் நாம் பழைய பெயர்ப்பின் பக்கமே நிற்போம். உருகுதல் என்பது தமிழ்ப் பத்திமையின் உயிர்ச்சொல். திருவாசகத்தின் உருக்கம் பழமொழியாகவே ஆகிவிட்டது. கிறித்தவப் பணியாளரான ஜி.யு. போப் அதனை 1900-இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். பத்தி இலக்கியத்தில் அடியவர் உருகுகிறார், இறைவன்பால் உருகுகிறார். உருகும் நெஞ்சின் போக்கு கீழிருந்து மேல்நோக்கியது. நற்செய்தி மொழிபெயர்ப்பாளர் அதே சொல்லை எடுத்து, வழியோரத்தில் குருதி வடியக் கிடக்கும் ஒருவனை நோக்கித் திருப்பிவிட்டனர். அவர்கள் இதனை எண்ணிச் செய்தனரா என்பது வேறு. பத்திப் பாடல்களில் தோய்ந்த ஒரு தமிழ் வாசகர் ‘மனதுருகி’ என்பதைப் படிக்கும்போது, கோயிலினுள் நிகழ வேண்டிய ஒன்று நெடுவழியில் நிகழ்வதாக உணர்வர். கோயிலிலிருந்து இறங்கி வந்த இருவர்க்கு நிகழாத உருக்கம் வேறு மலையில் வழிபடும் ஒருவனுக்கு நிகழ்கிறது என்னும் உவமையின் உட்பொருள் அச்சொல்லிலேயே பொதிந்துவிடுகிறது. ‘பரிவு’ என்பது செவ்விய சொல்லே. தாயன்பின் சாயலும் அதற்கு உண்டு. எனினும் இக்காலத் தமிழில், பரிந்துரை முதலிய அலுவலகச் சொற்களின் அண்மையால், அதன் வெம்மை சற்றுத் தணிந்துவிட்டது எனத் தோன்றுகிறது.

வேறொன்றில் 1995-ஆம் ஆண்டுப் பெயர்ப்பே மேம்பட்டு நிற்கிறது. அடிபட்டுக் கிடப்பவனைப் பழைய பெயர்ப்பு ‘அவன்’ என்கிறது. புதியது ‘அவர்’ என்கிறது. இக்கட்டுரையில் நாமும் பழைய வழக்கையே பின்பற்றி ‘அவன்’ என்று எழுதி வருகிறோம்; கதை சொல்லும் பழக்கம் அத்தகையது. கிரேக்கத்திலோ ஆங்கிலத்திலோ இச்சிக்கல் எழுவதில்லை. தமிழில் மட்டுமே, ஆடையின்றிக் குற்றுயிராய்க் கிடக்கும் ஒருவர்க்கு மதிப்பு விகுதி உண்டா இல்லையா என மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தாக வேண்டும். ஆடையும் அடையாளமும் உரியப்பட்டவரை ‘அவர்’ என்று சுட்டும் அந்த ரகர மெய், இரக்கத்தைப் பற்றி நெடிய உரைகள் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறது.

இரக்கஞ்செய்தலும் இரக்கங்காட்டுதலும்

சமாரியனின் உருக்கத்தை ஒரு சொல்லில் கூறிய உவமை, அவன் செய்தவற்றை மிக விரிவாகக் கூறுகிறது. அருகில் செல்கிறான், காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்கிறான், கட்டுகிறான், தன் விலங்கின்மீது ஏற்றுகிறான், விடுதிக்குக் கொண்டுபோய்ப் பேணுகிறான், மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுக்கிறான், மேலும் செலவானால் திரும்பி வருகையில் தருவதாக வாக்களிக்கிறான். மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலியாகக் கூறப்படுவதால், அவன் கொடுத்தது இருநாட் கூலிக்கு நிகரான தொகை எனக் கொள்ளலாம்.

இவ்விடத்தில் புறநானூற்றுப் பேகனை நினையாமல் இருக்க இயலாது. மயில் உடுக்குமா, போர்க்குமா என எண்ணிப் பாராமல் போர்வையை ஈந்த அவன் செயலைச் சான்றோர் கொடைமடம் எனப் போற்றினர். சமாரியனிடத்தில் அம்மடம் இல்லை. எவ்வளவு எண்ணெய், எத்தனை நாள் தங்கல், எவ்வளவு செலவு, மீதிக் கணக்கை யார் தீர்ப்பது என ஒரு வணிகனின் கணக்கோடு அவன் இரங்குகிறான். தன் பயணத்தையும் அவன் கைவிடவில்லை, மறுநாள் புறப்பட்டுவிடுகிறான். அருளை அன்பு ஈன்ற குழவியாகவும், அக்குழவியை வளர்க்கும் செவிலியாகப் பொருளையும் உருவகித்த வள்ளுவர் இக்கணக்கை நன்கு விளங்கிக்கொண்டிருப்பார். உருக்கம் ஈன்றதை இரண்டு தெனாரியம் வளர்க்கிறது.

வள்ளுவரோடு ஒப்பிடுகையில் ஒரு வேறுபாட்டையும் குறிக்க வேண்டும். திருக்குறள் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலின் தொடக்கத்திலும் வைத்துள்ளது. தொடர்புடையார்மேல் செல்வது அன்பு எனவும், தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் எனவும் பரிமேலழகர் வேறுபடுத்துவார். இவ்வமைப்பின்படி தொடர்பற்ற ஒருவனுக்கு இரங்கும் நிலை, இல்லறத்தில் முதிர்ந்து துறவை நோக்கிச் செல்பவர்க்கு உரிய உயர்படி ஆகிறது. உவமையின் சமாரியனோ கழுதையும் பணமும் எண்ணெய்க் குடுவையும் உடைய உலகியல் மனிதன். தவம் எதனாலும் அவன் அருளை அடையவில்லை. வழியில் ஒருவனைக் கண்டான், அவ்வளவே. குறள் படிநிலையாகக் காண்பதை உவமை ஒரு கணத்தின் நிகழ்வாகக் காண்கிறது. ‘மூன்றும் ஒன்றே’ என்று எழுதுவோர் இவ்வேறுபாட்டை மறைத்து இருநூல்களுக்கும் குறை செய்கின்றனர்.

உவமை முடிந்ததும் இயேசு வினாவையே மாற்றிவிடுகிறார். மூவருள் எவர் அடிபட்டவர்க்கு அடுத்தவராயினார் என்பது அவர் கேட்பது. சட்ட அறிஞர் கூறும் விடையில் கிரேக்க மூலம் வேறொரு சொல்லை ஆள்கிறது. இரக்கத்தை ‘செய்தவர்’ என்பதே அதன் நேர்பொருள். பவர் பெயர்ப்பு ‘இரக்கஞ்செய்தவன்’ என அதனை அப்படியே தருகிறது. 1995-ஆம் ஆண்டுப் பெயர்ப்பு ‘இரக்கம் காட்டியவர்’ என்கிறது. இன்றைய வழக்கில் இரக்கம் காட்டுதலே இயல்பான தொடர். ஆயினும் காட்டுதல் என்னும் வினைக்குப் பார்வையாளர் ஒருவர் வேண்டும். காட்டப்படும் இரக்கம் மேலிருந்து கீழ்நோக்கியதாகவும் ஆகிவிடுகிறது. இரங்கு என்னும் வேரிலிருந்து பிறந்த இரங்கல், சங்க மரபில் நெய்தல் திணைக்கு உரிப்பொருள். ஆற்றாமையால் வாய்விட்டுப் புலம்பும் நிலை அது. அவ்வேரினின்று வந்த இரக்கத்தைக் ‘காட்டும்’ பொருளாக மாற்றியது பிற்காலப் பழக்கம். இதனை மாணவர்க்குச் சொற்பொருள் வளர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகவே கற்பிக்கலாம்.

பழைய பெயர்ப்பின் ‘சத்திரம்’ என்னும் சொல் பற்றியும் ஒன்று கூறலாம். தமிழகத்துச் சத்திரம் பெரும்பாலும் அறச்சாலை. வழிச்செல்வோர்க்கு விலையின்றி இடமும் உணவும் அளிப்பது. அவற்றுள் குறிப்பிட்ட சாதியார்க்கென ஒதுக்கப்பட்டவையும் பல. சமாரியன் சேர்த்த விடுதியோ பணம் கொடுத்துத் தங்கும் இடம். சத்திரத்திற்குப் பணம் எதற்கு என்று ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய தமிழ் வாசகர் மருண்டிருக்கக்கூடும்.

காப்பியங்களில் கருணை

தமிழ்க் கிறித்தவக் காப்பியங்கள் இரக்கத்தை எங்கு வைத்தன என்பது அடுத்து நோக்கத்தக்கது. வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதில் திருமுழுக்கு யோவான் ‘கருணையன்’ எனப் பெயர் பெறுகிறார். ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’ என்னும் எபிரேயப் பெயர்ப்பொருளை உணர்ந்தே முனிவர் இப்பெயரை அமைத்துள்ளார். தாய் எலிசபெத்தை இழந்து கானகத்தில் தனித்து நிற்கும் கருணையன் புலம்பும் பகுதி, காப்பியத்தின் நெஞ்சையள்ளும் இடங்களுள் ஒன்று. அப்புலம்பலுக்கு மரமும் பறவையும் சுனையும் உடன் அழுகின்றன. கருணை என்னும் பெயருடையவனே இரக்கத்திற்குரியவனாய் நிற்பதும், மனிதர் எவரும் அருகில் இல்லாமல் காடே இரங்குவதும் அழகிய முரண். தமிழ்க் காப்பிய மரபின் இயற்கைப் புனைவு இங்கே இரக்கத்தின் மொழியாக உருமாறுகிறது.

எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட பயண உருவகக் கதையைத் தழுவிய அக்காப்பியத்தில் இரக்கத்தின் உச்சம் சிலுவைப்பாட்டில் அமைகிறது. துன்புறுத்துவோர்க்காகத் துன்புறுபவரே மன்னிப்பு வேண்டுகிறார். கம்பனில் தோய்ந்த ஓசை நயம் அவ்விடத்தில் முழுமையாகக் கைகொடுக்கிறது. படித்து உருகாதவர் அரியர். எனினும் இவ்விடத்தில் இரக்கத்தின் போக்கைக் கவனித்தல் வேண்டும். இறைமகன் மாந்தர்க்கு இரங்குகிறார். வாசகர் இறைமகனுக்கு உருகுகிறார். பத்தி மரபு அமைத்துத் தந்த தடம் இது. வழியோரத்தில் கிடக்கும் மூன்றாமவர் இவ்விருவர் நடுவே புகுவதற்கு இடம் குறைவு.

இதற்கு மேலைக் கிறித்தவ மரபிலும் ஒரு முன்வடிவம் உண்டு. அகுஸ்தீனார் இவ்வுவமையை முற்றுருவகமாகக் கொண்டார். அடிபட்டவன் ஆதாம், சமாரியன் கிறித்து, விடுதி திருச்சபை, விடுதிப் பொறுப்பாளர் பவுல் என அவர் பொருள் கூறுவார். இறையியலுக்கு இது விருந்தாகலாம். ஆனால் சமாரியன் கிறித்துவே என்றானபின், நீயும் போய் அவ்வாறே செய் என்னும் இறுதிக் கட்டளை யாரை நோக்கியது? தமிழ்க் காப்பியங்கள் பத்தியின் தடத்தில் சென்றமையால், உவமையின் அக்கட்டளை செய்யுளைவிட உரைநடையிலும் வாழ்க்கையிலுமே தன் இடத்தைத் தேடிக்கொண்டது என்பது நம் கருத்து.

பஞ்சமும் பழிச்சொல்லும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் இக்கட்டளைக்கு நேர்ந்த பெருஞ்சோதனை. செலவைக் குறைக்கும் நோக்குடன் 1877-இல் அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என விதித்தார். சமாரியனிடத்தும் கணக்கு இருந்தது. ஆனால் அவன் கணக்கு, மேலும் ஆகும் செலவுக்கு இடம் விட்டிருந்தது.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர், முன்சீபாகப் பணியாற்றியவர். பஞ்சக் காலத்தில் தம் பொருளை வாரி வழங்கிப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். பஞ்சத்தைக் குறித்துக் கீர்த்தனைகளும் இயற்றினார். அவர் கொடையை வியந்து கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடினார் என்பது இலக்கிய வரலாற்றார் கூறும் செய்தி. நந்தனார் சரித்திரம் பாடிய ஒரு சைவர், கிறித்தவர் ஒருவரின் இரக்கத்தைப் பாடியது கருதத்தக்கது. சட்ட அறிஞரைப் போல் அவர் அடைமொழிக்குள் ஒளிந்துகொள்ளவில்லை.

அதே பஞ்சக் காலத்தில் திருநெல்வேலிப் பகுதியில் பல்லாயிரவர் சபைகளில் சேர்ந்தனர். ராபர்ட் கால்டுவெல் அங்கு முன்னணியில் நின்று பணியாற்றினார். கஞ்சிக்காக மதம் மாறியோர் என்னும் பழிச்சொல் அன்றே எழுந்தது. இன்றும் அது ஓயவில்லை. இதனைக் கிறித்தவ ஆய்வாளர் தவிர்த்துச் செல்வதையும் பிறர் இதனை மட்டுமே பேசுவதையும் காண்கிறோம். இரு சாராரும் உவமையிடம் திரும்புதல் நன்று. சமாரியன் அடிபட்டவனிடம் எதனையும் கேட்கவில்லை; எம்மலையில் வழிபடுகிறாய் என வினவவில்லை; அவன் கண் விழிப்பதற்கு முன்னரே புறப்பட்டுப் போயிருக்கவும் கூடும். உதவிக்கு ஈடாக நம்பிக்கையைக் கோரிய பணியாளர் எவரேனும் இருந்தால், அவரை இவ்வுவமையே கண்டிக்கும். அதே வேளையில், பசியால் வந்தவர்கள் தம் முடிவைத் தாமே எடுக்கும் திறனற்றோர் எனக் கருதும் பழிச்சொல்லிலும் இரக்கம் இல்லை. தம்மைத் தொட்டுத் தூக்கியவர் எவர், விலகிச் சென்றவர் எவர் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

குழியில் கிடப்பவர் யார்?

தொடுதல் என்றதும் தமிழ்ச் சூழலில் வேறொரு வினாவும் எழுகிறது. தென்னிந்தியச் சீர்திருத்தச் சபைகளில் சாதி வேறுபாட்டிற்கேற்ப இருக்கைகள் நெடுங்காலம் பிரிக்கப்பட்டிருந்தன. 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாதெனக் கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். அவர்கள் நல்ல சமாரியர் உவமையைக் கேளாதவர் அல்லர். ஞாயிறுதோறும் மறையுரை கேட்டவர்களே. கேட்டும் அது உறைக்காமற் போனதற்குக் காரணம், கதைக்குள் தம்மை எவ்விடத்தில் வைத்துக்கொண்டனர் என்பதில் உள்ளது எனக் கருதுகிறோம். எல்லோரும் சமாரியனின் இடத்தில் நின்று கேட்டனர். அங்கு நின்றால் உதவுவது ஒன்றே வினா. உதவி செய்தபின் தனி இருக்கைக்குத் திரும்பிவிடலாம்.

உவமை முதலில் சொல்லப்பட்டது யூதர் ஒருவர்க்கு. கதைக்குள் அவர் நிற்கத்தக்க இடம் குழியில் கிடப்பவரின் இடமே. சமாரியனின் கை தன் காயத்தைத் தொடலாமா, அவன் எண்ணெயும் இரசமும் தன் உடம்பில் படலாமா என்பதே அவரை நோக்கிய கேள்வி. உதவுவதைவிட உதவி பெறுவது கடினமாகும் இடம் இது. தன்னைவிடத் தாழ்ந்தவர் எனக் கற்பிக்கப்பட்டவரின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பது எத்தகைய செயல் என்பதைத் தமிழ்ச் சமூகத்திற்கு விளக்கவும் வேண்டுமோ?

நம் வகுப்பறைகளில் இக்கதையைக் கற்பித்தபின் மாணவரிடம் கேட்கப்படுவது, நீ அவ்வழியே சென்றால் என்ன செய்வாய் என்பதே. எல்லா மாணவரும் உதவுவேன் என்றே எழுதுவர், மதிப்பெண்ணும் கிடைக்கும். பல இனத்தாரும் பல சமயத்தாரும் ஒருங்கிருந்து பயிலும் வகுப்பில், நீ குழியில் கிடந்தால் எவருடைய கை உன்னைத் தூக்குவதை நீ விரும்பமாட்டாய் என்று கேட்டுப் பார்க்கலாம். விடைகள் அவ்வளவு எளிதாக வாரா. சில விடைகள் ஆசிரியரையே சங்கடப்படுத்தக்கூடும்.

உவமை முழுவதிலும் அடிபட்டவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. விடுதியில் கண் விழித்து, தன்னைத் தூக்கி வந்தவன் சமாரியன் என அறிந்தபோது அவர் என்ன நினைத்தார் என லூக்கா எழுதவில்லை. பேச வேண்டிய சட்ட அறிஞரோ, மூவருள் அடுத்தவர் யார் என்ற வினாவிற்குச் ‘சமாரியன்’ என்னும் ஒரு சொல்லில் விடை கூறியிருக்கலாம். இரக்கஞ்செய்தவன் என்று சுற்றி வளைத்து, அவ்வினப்பெயரை வாயால் சொல்லாமலே முடித்துக்கொள்கிறார். பவரின் பெயர்ப்பும் 1995-ஆம் ஆண்டுப் பெயர்ப்பும் அந்தத் தயக்கத்தை அப்படியே விட்டுவைத்துள்ளன.